கைக்குள் இருந்த அட்சதை

ஆக்லாந்து, சனிக்கிழமை இரவு

மாசி என்ற புறநகரைத் தாண்டியிருக்கும் அந்தப் பழைய பண்ணை மாளிகையில் இன்று மகள் நித்யாவின் கல்யாணம் முடிந்தது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பழங்காலத்துக் கம்பளத்தில் மஞ்சள் கறை படியும், அட்சதை போடக் கூடாது என்று மாளிகையின் மேனேஜர் அம்மா முன்பே சொல்லியிருந்தார். சரி என்று தலையாட்டியவன் நான்தான். ஆனாலும் என் மனைவி வசந்தா வீட்டிலிருந்து அட்சதை கொண்டுவந்து எல்லார் கையிலும் கொடுத்துவிட்டாள். டேனியல் தாலி கட்டியதும் அத்தனை பேரும் போட்டார்கள். மேனேஜர் அம்மா கதவருகே நின்று என்னையே பார்த்தார். நான் கையைத் திறக்கவில்லை. நிமிர்ந்த நித்யா அதைப் பார்த்துவிட்டாள்.

காரில் ஏறும்போது கேட்டாள்: "இன்னமும் டேனியலைப் பிடிக்கலையாப்பா?"

"போடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்கம்மா."

"எல்லாரும் போட்டாங்களே."

ஒரு வருஷமாக இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நின்றவன் சொன்னால் யார் நம்புவார்கள்? வீட்டுக்கு வந்ததும் வசந்தாவிடமும் அந்தக் காரணத்தையேதான் சொன்னேன். அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

சட்டையைக் கழற்றியபோது பையிலிருந்து அரிசி கொட்டியது. அந்த அம்மாவுக்குப் பயந்துதான் போடவில்லை என்று இங்கே எழுதி வைக்க உட்கார்ந்தேன். ஆனால் அவர் என்னைப் பார்ப்பதற்கு முன்பே என் கை மூடித்தான் இருந்தது.