தொண்டைக்கு ஓய்வு

பக்குரங்கா, ஆக்லாந்து, நியூசிலாந்து
11 மார்ச் 2024, திங்கள்

அன்புள்ள ரோஸ்மேரி அக்காவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. ஆனால் நான் உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டுதான் தினமும் சாப்பிடுகிறேன். என் பெயர் லக்ஷ்மிப்ரியா, ஊர் மதுரை. உங்களோடு பாடிய திலகா அக்காவின் கணவர் மாணிக்கவாசகத்தைப் போன வருஷம் கல்யாணம் செய்துகொண்டேன். அக்கா போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது, தப்பாக நினைக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இங்கே படிக்க வந்தவள் நான். ஒரு பொங்கல் விழாவில் பாடினேன். எல்லாரும் போனில் படம் பிடித்தார்கள், இவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதில்தான் விழுந்தேன். 'மழை விட்ட சாலை' ஆல்பத்தை இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டேன். தமிழில் ஆர் அண்ட் பி இசை என்று யாராவது சொல்லியிருந்தால் முன்பெல்லாம் சிரித்திருப்பேன். இப்போது வெங்காயம் நறுக்கினால்கூட அந்தத் தாளம்தான் வருகிறது. தொண்ணூற்றொன்பதிலேயே மலேசியாவில், கிள்ளானில் இரண்டு பெண்கள் இப்படிப் பாடினார்கள் என்றால் எங்கள் ஊரில் நம்ப மாட்டார்கள்.

திலகா அக்காவின் பாகத்தை இவர் எனக்குச் சொல்லித்தருகிறார். தாளத்துக்கு ஒரு நூல் பின்னால் வந்து சேரவேண்டுமாம். எனக்கோ முந்திக்கொண்டு ஓடுகிற வாய். அதனால் திங்கட்கிழமைகளில் நான் பேசுவதில்லை, தொண்டைக்கு ஓய்வு. பேசாமல் இருந்தால் கை அரிக்கிறது, அதுதான் இந்தக் கடிதம்! உங்கள் முகவரியை இவரே கொடுத்தார்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். மூன்றாவது பாட்டில் நடுவே 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வருகிறதே, அது என்ன வாத்தியம்?

அன்புடன்,
ப்ரியா

*

கிள்ளான்
2 ஏப்ரல் 2024

அன்பு ப்ரியா கண்ணு,

நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? மாணிக்கம் தனிமரமாக நிற்கிறாரே என்று கவலைப்பட்டவள் நான்.

அது வாத்தியம் இல்லைம்மா, டயர் கடை! நாங்கள் பாடிய அறைக்குக் கீழே ஒரு டயர் கடை இருந்தது. யாரோ காற்றுக் குழாயைப் பிடுங்கிவிட்டான். நான் பாட்டே கெட்டது என்று தலையில் கை வைத்தேன். திலகா அசரவே இல்லை, அடுத்த வரியை அந்தச் சத்தத்தின் மேலேயே ஏற்றிப் பாடிவிட்டாள். இன்றைக்கும் பிள்ளைகள் அந்த இடத்தில்தான் கத்துகிறார்கள். கல்யாணம், பிறந்தநாள், சாப்பாட்டுக் கடை, எங்கே போனாலும் அந்தப் பாட்டுதான். அப்போது பிறக்கவே பிறக்காததுகள் எனக்கு வரி எடுத்துக் கொடுக்கின்றன. எனக்கு நாற்பத்தாறு வயது, முட்டி வலி, இரத்தக் கொதிப்பு. பாட்டுக்கு மட்டும் வயசு ஏறமாட்டேன் என்கிறது.

ஓய்வு நல்லதுதான். ரெக்கார்டிங்குக்கு முன்னால் நாங்களும் இரண்டு நாள் வாய் திறக்க மாட்டோம். திலகா சைகையிலேயே என்னைத் திட்டுவாள்.

நவம்பரில் ஆல்பத்துக்கு வெள்ளிவிழா வைத்திருக்கிறோம். திலகா பாகத்தை யார் பாடுவது என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் முழிக்கிறேன். உன் குரல் எப்படி?

ஆண்டவர் துணை இருக்கட்டும்.
ரோஸ்மேரி

*

பக்குரங்கா
27 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். வெள்ளிவிழாவுக்குள் மொத்த ஆல்பத்தையும் என் குரலில் பதிவு செய்துவிட வேண்டுமாம்.

இப்போது திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஓய்வு. மருந்துக் கடையில் பார்ட் டைம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், அதை விட்டுவிட்டேன். வாடிக்கையாளர்களோடு வளவளவென்று பேசினால் குரல் தேய்ந்துவிடும் என்கிறார். போனும் அவர் மேசை டிராயரில் இருக்கிறது. கையில் இருந்தால் பேசத் தோன்றுமே! கோபப்பட்டு எதுவும் சொல்வதில்லை அக்கா, தேனும் இஞ்சியும் தட்டி அவரே கொண்டுவந்து கொடுக்கிறார். "பேச்சு எல்லாருந்தான் பேசுறாங்க ப்ரியா, இந்தக் குரல் அதுக்கு இல்ல" என்று சொல்லும்போது பெருமையாகத்தான் இருக்கிறது.

வேண்டியதை எழுதிக்காட்டச் சமையலறையில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறார். பலகை புதிதில்லை. யாரோ எழுதி அழித்த சுவடு அதில் இருக்கிறது.

பக்கத்து வீட்டில் கிருசாந்தி என்று ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருக்கிறார். நேற்று வேலியோரம் நின்று, "ஏன் பிள்ளை, என்னோட கோபமே? ஒண்டும் கதைக்கிறேல்லை?" என்று கேட்டார். தொண்டையைத் தொட்டுக் காட்டிச் சிரித்துவைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்புடன்,
ப்ரியா

*

கிள்ளான்
15 ஜூன் 2024

அன்பு ப்ரியா,

மூன்று நாள் கொஞ்சம் அதிகம்தான். மாணிக்கத்துக்கு எப்போதும் எதிலும் அளவு தெரியாது. அந்தக் காலத்தில் எங்கள் நிகழ்ச்சி ஒன்றைக்கூட விடமாட்டார், முதல் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "உன்னைப் பார்க்க வந்தாரா, தூங்க வந்தாரா?" என்று திலகாவைக் கிண்டல் செய்வேன். வேலையை விட்டிருக்க வேண்டாம். போனை வாங்கி வைத்துக்கொள், கண்ணு.

திலகாவும் கடைசி இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. கூப்பிட்டால் அவர்தான் எடுப்பார், ஓய்வில் இருக்கிறாள் என்பார். வெளிநாடு போனதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன். உன் கடிதம் படித்த பிறகு அது என்னவோ உறுத்துகிறது.

சரி, பதிவு எதுவும் முடிந்ததா? ஒரு பாட்டாவது அனுப்பச் சொல். கேட்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
ரோஸ்மேரி

*

பக்குரங்கா
5 ஆகஸ்ட் 2024

அக்கா,

இனி உங்கள் பதிலைக் கிருசாந்தி அக்கா வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள், உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். போன கடிதத்தை இவர் எனக்கு முன்னால் படித்துவிட்டார். இரண்டு நாள் தேன் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது எனக்கு எல்லா நாளும் திங்கட்கிழமைதான். ஞாயிறு பாடலாம், பேசக்கூடாது. அம்மா கூப்பிட்டால் இவரே எடுத்து, "தொண்டை சரியில்லீங்க, டாக்டர் பேசக்கூடாதுன்னுட்டாரு" என்கிறார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். மாப்பிள்ளை எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார் என்று அம்மா சந்தோஷப்படுகிறாள். என் விசா இவரை நம்பித்தான் இருக்கிறது என்பதை இவர் எனக்கு ஞாபகப்படுத்துவதில்லை. நானே ஞாபகம் வைத்திருக்கிறேன்.

கடைசிப் பாட்டு தவிர எல்லாம் பதிவாகிவிட்டது. ஹெட்போனில் கேட்டுவிட்டு அழுதார். என் பக்கம் திரும்பவே இல்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயந்தேன்.

திலகா அக்கா எப்படி இறந்தார்? பலகையில் எழுதிக் கேட்டேன். 'ஆஸ்துமா' என்று சொல்லிவிட்டுப் பலகையைத் துடைத்துவிட்டார்.

ப்ரியா

*

கிள்ளான்
24 ஆகஸ்ட் 2024

என் கண்ணு ப்ரியா,

மாணிக்கம் அனுப்பிய பாட்டுகள் முந்தாநாள் வந்தன. உன் கடிதம் நேற்று வந்தது. எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை.

கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்துமாவில் திலகா குரல் கரகரத்துப் போயிருந்தது. ஓய்வு கொடுத்தால் ஆல்பத்தில் இருக்கிற குரல் திரும்பி வந்துவிடும் என்று அவர் நம்பினார். மூச்சு முட்டிய அன்றைக்கும் அவள் ஓய்வில்தான் இருந்திருக்கிறாள். "ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடி வந்திருப்பேன் ரோஸ். பக்கத்து ரூம்லதான் ஹெட்போன் போட்டுக்கிட்டு அவ பாட்ட கேட்டுக்கிட்டிருந்தேன்" என்று அவள் போன அன்றைக்குப் போனில் கதறினார். நானும் சேர்ந்து அழுதேன். ஹெட்போன் போட்டவருக்கு எந்தச் சத்தம் கேட்டிருக்கும் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

நீ அந்த வீட்டில் இருக்காதே. கிருசாந்தியிடம் போ. வாய் திறந்து பேசு.

ஆனால் ப்ரியா, அந்தப் பாட்டுகள்! கண்ணை மூடினால் திலகா என் பக்கத்தில் நிற்கிறாள். அதே தாமதம், அதே மூச்சு. மூன்று தடவை கேட்டுவிட்டேன். வெள்ளிவிழாவுக்கு நீ வந்தால் எப்படி இருக்கும்! குரலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

ஜெபத்துடன்,
ரோஸ்மேரி

*

பக்குரங்கா
16 செப்டம்பர் 2024

அக்கா,

கிருசாந்தி அக்கா வீட்டிலிருந்து எழுதுகிறேன். இடது கையால் தாளைப் பிடிக்க முடியவில்லை, கோணல்மாணலாக வந்தால் மன்னிக்கவும்.

போன வாரம் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். சட்டி சரிந்து எண்ணெய் கையில் கொட்டிவிட்டது. நான் கத்தவில்லை. அடக்கிக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள், கத்த வேண்டும் என்பதே தோன்றவில்லை. வெந்த கையோடு பலகையிடம் போய், மற்ற கையில் பேனாவை எடுத்துவிட்டேன். மூடியைப் பல்லால் திறக்கும்போதுதான் நான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. இவர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது, முதுகு தெரிந்தது, காதில் ஹெட்போன். செருப்புகூடப் போடாமல் வெளியே வந்துவிட்டேன்.

"ஐயோ, இவ்வளவு எரிஞ்சிருக்கு, நீர் சத்தம் போடேல்லையே பிள்ளை?" என்று கிருசாந்தி அக்காதான் எனக்கும் சேர்த்துக் கத்தினார். கிளினிக்கில் நர்ஸ் பெயர் கேட்டார். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுத பிறகுதான் பெயர் வந்தது.

மனுகாவில் காசு வாங்காமல் உதவும் ஒரு வக்கீலைப் பார்த்தோம். விசாவுக்கு வழி இருக்கிறதாம். பாஸ்போர்ட் இன்னும் அந்த வீட்டில்தான். அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், அவள் அழுகையை நிறுத்தத்தான் முடியவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இவர் அனுப்பிய பாட்டுகளை எங்கேயும் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் பாடியது நான் என்று சொல்லுங்கள்.

ப்ரியா

*

கிள்ளான்
25 நவம்பர் 2024

அன்பு ப்ரியா கண்ணு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, விழா வேலை உயிரை எடுத்துவிட்டது. கை ஆறிவிட்டதா? நீ வெளியே வந்ததற்கு ஆண்டவருக்குக் காணிக்கை செலுத்தினேன்.

கோபப்படாமல் படி. சனிக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. திலகா பாகத்துக்கு ஏற்பாடு செய்த பெண் தாளத்துக்கு முன்னால் முன்னால் ஓடினாள், கூட்டம் உச்சுக்கொட்டியது. என்னால் தாங்க முடியவில்லை. உன் பதிவைப் போடச் சொன்னேன். ஒரே நிமிஷம்! மண்டபமே எழுந்து நின்றது. 'திலகா, திலகா' என்று அழுகிறார்கள். திலகாவின் புதுப் பதிவு எங்கிருந்து கிடைத்தது என்று மேடையிலேயே மைக்கை நீட்டிக் கேட்டார்கள். அத்தனை முகத்தையும் பார்த்துக்கொண்டு, இது அவள் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடவுள் கொடுத்தார் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அதை இசைத்தட்டாகப் போடக் கேட்கிறார்கள். மாணிக்கமும் சம்மதித்துவிட்டார். கடைசிப் பாட்டு மட்டும்தான் இல்லை. அங்கேயே ஒரு நல்ல ஸ்டூடியோ பார்த்துச் செலவை நான் அனுப்புகிறேன். அவர் பக்கத்தில் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்காக ஒரே ஒரு பாட்டு பாடிக்கொடு, ப்ரியா. அதுவரை அதிகம் பேசிக் குரலைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்பு முத்தங்களுடன்,
ரோஸ்மேரி

*

பக்குரங்கா
16 டிசம்பர் 2024

ரோஸ்மேரி அக்காவுக்கு,

மண்டபத்தில் அழுதவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஆல்பம் அப்படி. என்னையே அது இன்னும் விடவில்லை. போன வாரம் பிளாசாவில் யாரோ ஒரு பெண் போனில் அதைக் கேட்டுக்கொண்டு போனாள். நான் வாங்க வந்ததை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே நடந்தேன்.

உங்கள்மேல்தான் கோபம். நிறையக் கோபம். போ என்று எழுதிய அதே தாளில் குரலைப் பத்திரமாக வைத்துக்கொள் என்றும் எழுதினீர்கள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் இவர் கார் பக்கத்து வீட்டிலிருந்து வெளியே வந்து இந்த வீட்டுக்கு எதிரே நின்றது. கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார். தெரு முழுக்கப் பாட்டு. திலகா அக்கா குரல் இல்லை, என் குரல். "போகாதையும் பிள்ளை" என்று கிருசாந்தி அக்கா கையைப் பிடித்தார். நான் போனேன். ஜன்னல் பக்கத்தில் நின்று, "நான் திரும்ப வரமாட்டேன், என் பாஸ்போர்ட்டைக் குடுங்க" என்றேன். இவர் கண்ணைத் திறக்கவில்லை. பாட்டு முடியட்டும் என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

நான் நின்றேன் அக்கா. சொன்னபடி வாயை மூடிக்கொண்டு நின்றேன். பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தபோது கையை உள்ளே விட்டு அதை அணைத்தேன். அப்புறம் சொல்ல வேண்டியதை எல்லாம் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். இவர் கண்ணைத் திறந்து, யார் நீ என்பதுபோல என்னைப் பார்த்தார். பாஸ்போர்ட் வரவில்லை, வக்கீல் போலீஸில் சொல்லியிருக்கிறார்.

கடைசிப் பாட்டை நான் பாடமாட்டேன். இசைத்தட்டை நிறுத்தச் சொல்லி வக்கீலின் கடிதம் உங்களுக்கும் இவருக்கும் வரும். பாடியது யார் என்று நீங்கள் அந்த மேடையில் ஏறிச் சொன்ன பிறகு எனக்கு எழுதுங்கள். அதற்கு முன்னால் வருகிற கடிதத்தைப் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மு. லக்ஷ்மிப்ரியா