வளையத்தின் இருபத்து மூன்று படிகள்

ஆடி 5, திங்கள்

காலையிலிருந்து காற்று. பட்டறைத் தகரம் ஓயாமல் அடித்துக்கொண்டது. மழை இல்லை.

எழுத வேண்டியவை:
1. வளைய ஆர்டர் ஏன் போனது.
2. அதில் என் பங்கு.
3. அது ஏன் திரும்பி வரும்.

1. நம்மிடம் வளையம் வாங்கிவந்த கோயமுத்தூர்க் கம்பெனி இனி விமானப் பாகங்கள் எல்லாவற்றையும் ஓசூரில் ஒரே இடத்தில் செய்து வாங்குமாம். சின்னப் பட்டறைகள் பட்டியலில் இல்லை. வாளையார் எல்லைச் சாவடியில் எங்கள் லாரி தாமதமாவதும் ஒரு காரணம் என்று போன மாதக் கடிதத்தில்.

2. சித்திரையில், தணிக்கைக்கு என்று செய்முறைத் தாள் கேட்டார்கள். எந்த உளி, என்ன வேகம், எங்கே பிடிப்பது. இருபத்து மூன்று படிகள், மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். அரைப் பக்கம் போதுமாயிருந்திருக்கும். அந்தத் தாள்தான் இப்போது ஓசூரில். முதலாளி பழனிச்சாமி, "உங்களை என்னங்க சார் சொல்றது" என்றதோடு சரி. திட்டியிருக்கலாம்.

3. கடைசல் இயந்திரம் ஓட்டும் சரசு, கடைசிச் சீவலுக்கு முன் பிடியைத் தளர்த்தி வளையத்தைச் சும்மா விடுவாள். இல்லாவிட்டால் கோணும். எவ்வளவு நேரம் என்றால், "தெரியுமுங்க" என்பாள். எண் இல்லாததை நான் எழுதுவதில்லை. ஆகவே அது தாளில் இல்லை. ஓசூரில் வளையம் கோணும், ஆர்டர் இங்கே திரும்பும்.

ஆடி 7, புதன்

பல்வலி. கிராம்பு. இரண்டு இயந்திரம் மட்டும் ஓடுகிறது. வளையம் திரும்பாவிட்டால் ஆடியோடு பூட்டு என்றார் பழனிச்சாமி. பதினொரு பேர்.

டீ நேரம்.
சரசு: "ஓசூர்ல அவியளுக்கு வளையம் முட்டையாட்டத்தான் வரும், பாருங்க."
வெல்டர் மணி: "உன்ற கைய வெட்டி பார்சல் போட்டு உடு. பொழைச்சுப் போகட்டும்."
"உன்ற வாயப் போட்டு உடறேன். சத்தத்துலயே மிசின் நின்னு போகும்."
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஆடி 9, வெள்ளி

காற்று குறைவு. பதினொரு மணிக்கு ஓசூரிலிருந்து போன். தரச் சோதனை பார்க்கும் பெண். தாளின் அடியில் 'தயாரித்தவர்' என்று என் பெயர், போன் எண். நானே போட்டது.

"ஐயா, உங்க தாள்படியேதான் செஞ்சோம். ஆனா வளையம் கோணுது. பதினெட்டு வீணாப்போச்சு. ஏதாவது விட்டுப்போயிருக்குங்களா?"

'இல்லை' என்றிருக்கலாம். வாய்வரை வந்தது, சொல்லவில்லை. என் தாளில் குறை என்று கேட்கப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

சொல்லிவிட்டேன். தளர்த்துவது, காத்திருப்பது, மறுபடி லேசாகப் பிடிப்பது. எவ்வளவு நேரம் என்றாள். தாள் போன பிறகு சரசுவுக்குத் தெரியாமல் கடிகாரம் பார்த்து வைத்திருந்தேன். நாற்பதிலிருந்து ஐம்பது நிமிடம். அதையும்.

"இருபத்தொண்ணாம் படிக்கு அப்புறம் சேர்த்துக்கறோம் ஐயா. ரொம்ப நன்றி."

திரும்பினால் சரசு, கையில் டீ தம்ளர்.
"ஆருங்க சார்?"
"ராங் நம்பர்."

திங்களன்று எழுதிய மூன்றாவது குறிப்பு தவறு.