வெள்ளிக்கிழமைப் பத்து நிமிடம்

காக்கா,

வண்டியின் டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலை வடித்துப் பத்து நாளாகிறது. அன்று போட்டிருந்த சட்டையை மூன்று முறை துவைத்தாகிவிட்டது, நெடி போகவில்லை. பெட்ரோல் வாசனை இல்லை அது. பல வருஷம் மூடிக் கிடந்த வார்னிஷ் டப்பாவைத் திறந்தால் வருமே, அது. ஆணியில் தொங்கும் அந்தச் சட்டையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உங்கள் நினைப்பு வந்துவிடுகிறது. எழுதாமல் தீராது என்று உங்கள் தம்பி நான் உட்கார்ந்துவிட்டேன்.

பழைய கார்களைத் தேடித் தேடி வாங்குகிற ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். ஷெட்டில் நின்ற உங்கள் அம்பாசிடரின் மீட்டரைப் பார்த்ததும் வாயைப் பிளந்துவிட்டார். "பதினோராயிரம் கிலோமீட்டர்தானா சார்! இப்படி ஒரு வண்டி கிடைக்கவே கிடைக்காது." அவருக்கு அது அதிசயம், எனக்குத் தலை நிமிரவில்லை. அத்தனையும் நீங்கள் சவூதியிலிருந்து லீவில் வந்தபோது ஓட்டியதுதான், இரண்டு வருஷத்துக்கு இரண்டு மாதம். மற்ற நாளெல்லாம் அது நின்றது. உங்கள் மனைவி, என் மச்சி, கதவுக்குப் பின்னால் நின்றபடி, "முதல்ல ஓடுதான்னு பாக்குறோம், அப்புறம் சொல்றோம்னு சொல்லுங்க தம்பி" என்றார். வந்தவர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

நீங்கள் இதை வாங்கிய சமயத்தில் ஊரே சின்னச் சின்னப் புதுக் கார்களுக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தது. "அதெல்லாம் தீப்பெட்டி. உம்மா கால் நீட்டி உட்கார வேணாமா?" என்று நீங்கள் இதைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். ஊருக்குத் திரும்பும் நாளில், பெட்டியெல்லாம் கட்டிய பிறகு, என்னை ஷெட்டுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னீர்கள். "வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுட்டு வந்து பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடு. வெளியே எடுக்காதே, எவனாவது இடிச்சு வச்சிடுவான். நான் வந்து ஓட்டிக்கிறேன்."

பார்த்தீர்களா, நீங்கள் ஊருக்குத் திரும்பும் நாள் என்று எழுதிவிட்டேன். இங்கிருந்து சவூதிக்குப் போவதைத்தான் நாமெல்லாம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்போது கடிதத்தைவிடக் கேசட்தான் அதிகம். சவூதிக்குப் போகிறவர் யாராவது இருந்தால் வீட்டில் எல்லோரும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து பேசுவோம். உம்மா சலாம் சொல்லி அழுது முடித்ததும், நான் அதைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடுவேன். பானெட்டைத் திறந்து எஞ்சின் சத்தத்தைப் பிடித்து அனுப்பச் சொன்னது நீங்கள்தான். "பெத்தவ பேசுனதைவிட வண்டி பேசுனது ஜாஸ்தியா இருக்கே" என்று உம்மா கேலி செய்வார். அங்கே அறையில் கூட இருக்கிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவேன் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் சொன்னதை நான் பல வருஷம் எழுத்துப் பிசகாமல் செய்தேன். இப்போது பட்டுக்கோட்டையிலிருந்து வந்த மெக்கானிக் சைலன்சரில் கை வைத்தார், அப்பளம் மாதிரி உதிர்ந்தது. "நின்ன இடத்துலயே ஓட விட்டீங்களா பாய்? சூடு ஏறுறதுக்குள்ள அணைச்சா உள்ளே தண்ணிதான் கட்டும். வாரம் ஒரு தடவை ரோட்டுல ஒரு ரவுண்டு அடிச்சிருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்றார். பிரேக் டிரம்மோடு ஒட்டிக் கிடந்தது. கிளட்ச் இறுகிப்போயிருந்தது. டேங்குக்குள் துரு. நம் கடலோரத்து உப்புக் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்முடைய அக்கறையே அதைத் தின்றிருக்கிறது, காக்கா. அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது.

உம்மா படுத்த வருஷம் ஞாபகம் இருக்கும். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் ஏழெட்டு வெள்ளிக்கிழமை தவறிவிட்டது. பிறகு சாவியைத் திருகினால் ஒன்றுமில்லை. மறுநாள் கேசட் போக வேண்டும். நான் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வாடகைக் கார் நிற்கும் இடத்துக்குப் போனேன். அங்கே நின்ற ஒரு அம்பாசிடரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, அந்தச் சத்தத்தைப் பிடித்து உங்களுக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் போனில் "கேட்டேன் தம்பி, நல்லா இருக்கு" என்றீர்கள். எட்டு மாதத்தில் நீங்கள் தூக்கத்திலேயே மவுத்தாகிவிட்டீர்கள், நெஞ்சுவலி என்றார்கள். அடக்கமும் அங்கேயே. வண்டி அப்படியே நின்றுவிட்டது.

போன வியாழக்கிழமை வண்டி தன் பலத்தில் வெளியே வந்தது. மச்சி பின் சீட்டில் ஏறிக்கொண்டார். பட்டுக்கோட்டை தாண்டி வாய்க்காலை ஒட்டிப் போனோம், நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர். இத்தனை வருஷம் வாயில் வராதது, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வந்துவிட்டது.

"மச்சி, கடைசியா அனுப்புன கேசட்டுல இருந்தது நம்ம வண்டி சத்தம் இல்லை."

"தெரியும் தம்பி" என்றார். "கேட்ட அன்னிக்கே அவங்க எனக்குப் போன் பண்ணாங்க. 'வண்டி கிளம்பலை போல. உம்மாவை வச்சுக்கிட்டு அவன் ஒண்டியா அலையுறான், இதை வேற கேட்டா உடைஞ்சிடுவான். நீயும் கேக்காதே'ன்னாங்க. அதான் நான் கேக்கலை."

கேட்டிருக்கலாம், காக்கா. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அழுதிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். மச்சி இப்போது விற்க வேண்டாம் என்கிறார், வாரம் ஒரு முறை ஓட்டினால் போதுமாம். ஓட்டுகிறேன். ஆனால் அந்த எட்டு மாதத்தை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. ஒவ்வொரு போனிலும் நீங்கள் "வேற என்ன தம்பி?" என்று கேட்பீர்கள். பேச்சு வண்டிக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில், உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்காமல், நான்தான் முதலில் போனை வைத்தேன்.