நைனாவின் பொத்தான்

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் சுகம், நீயும் அந்தக் கால்கரி குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் ஒருநாள் நீ கேட்டாய், வெளியே காலிங் பெல்லை அழுத்தினால் உள்ளே எப்படிம்மா தெரியுது என்று. ஒயர் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். சரியான பதில் எனக்கு இந்த வாரம்தான் கிடைத்தது. நைனாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது, பேச்சு இன்னும் திரும்பவில்லை, உனக்குத் தெரியும். தண்ணீரா, ஃபேனா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் இல்லை இல்லை என்று தலையாட்ட, கடைசியில் இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிடும். அதனால்தான் நீ விட்டுப்போன டேப்லெட்டில் பெரிய பெரிய பொத்தான்களோடு ஒரு வெப் பக்கம் செய்ய உட்கார்ந்தேன், இடது கை விரலால் அவர் அழுத்தினால் அது என் குரலில் பேச வேண்டும். ஜேக்வெரி என்று புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு லைப்ரரி இருக்கிறது, வீட்டில் அரைக்காமல் கடை மாவை வாங்கித் தோசை ஊற்றுவது போல, யாரோ எழுதி வைத்ததை எடுத்து நம் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பொத்தானுக்குத் தானாக எதுவும் தெரியாதாம், அழுத்தினால் இதைச் செய் என்று நாம்தான் முன்பே வரிவரியாக எழுதிச் சொல்லி வைக்க வேண்டும். சொல்லி வைத்தேன். மூன்று நாள் அழுத்தினேன், சத்தமே இல்லை, தப்பு என்றுகூட அது சொல்லவில்லை.

ராயப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அன்வர் பாஷா தன் கடைக்கு இப்படி ஒரு பக்கம் தானே செய்தவர் என்பதால் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மேலிருந்து படித்தவர், இன்னா டீச்சர், பசங்க கிளாஸுக்கே வரல, அதுக்குள்ள அட்டெண்டன்ஸ் எடுத்துக்கினு கீறீங்க என்று சிரித்தார். பொத்தான்கள் திரைக்கு வந்து சேரும் முன்பே நான் எழுதிய வரிகள் அவற்றைத் தேடிக் காணாமல் சும்மா இருந்துவிட்டனவாம். முப்பத்துநாலு வருடம் எல்லாவற்றுக்கும் முன்னால் ரெஜிஸ்டரை வைத்தே பழகிய கை, அந்த வரிகளையும் மேலேயே வைத்திருக்கிறது. கீழே கொண்டுபோய் வைத்தேன், பேசிவிட்டது.

அன்று சாயங்காலம் நைனா காபியை அழுத்தினார், காபி வேணும் என்றது. கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி அழுத்தினார், மூன்றாவது தடவை அழுத்தும்போது அவர் முகத்தில் பழைய குறும்பு. பிறகு உன் படம் இருக்கும் பொத்தான். அதில் உன்னைப் போலவே குரலை மாற்றி நான் பேசி வைத்திருந்தேன். கேட்டதும் என்னை ஒரு பார்வை பார்த்து, போ போ என்று கையை ஆட்டிவிட்டார். காலாவதியான பஸ் பாஸை எட்ட நின்றே பிடித்த கண்டக்டர் ஆயிற்றே அவர், அவரிடம் இந்தப் போலிக் குரல் நடக்குமா? ஆனாலும் தினமும் அந்தப் பொத்தானைத்தான் முதலில் அழுத்துகிறார், கேட்கிறார், கையை ஆட்டுகிறார்.

வேளைக்குச் சாப்பிடு, வெறும் பிரெட்டில் நாளை ஓட்டாதே. எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. இதைப் படித்து முடித்ததும் போனை எடுத்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கத்துவாயே, அதே மாதிரி, இன்னா நைனா பண்ணிக்கினு கீற என்று ஒரே ஒரு தடவை பேசிப் பதிவு செய்து எனக்கு அனுப்பு.

உன் அம்மா
ஜெயஸ்ரீ