அனுசியாவின் சிரித்த மூஞ்சி

நவம்பர் 4, செவ்வாய்

ராசிங்காபுரம் பஸ்ஸில் இன்றைக்கும் உட்கார இடமில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது போன் மணியடித்தது. ‘உங்கள் துணை அனுசியா இன்று பதில் சொல்லவில்லை. ஒரு வார்த்தை விசாரியுங்கள்.’

எங்கே போய் விசாரிக்க? அவள் செத்து ஒரு மாதம் ஆகிறது.

மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கக் கல்லூரி கொண்டுவந்த இணையச் செயலி இது. இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிட்டார்கள். சாயங்காலமானால் போனில் சிரித்த மூஞ்சி, சும்மா மூஞ்சி, அழுகிற மூஞ்சி வரும். ஒன்றைத் தொட்டால் ஜோடிக்குப் போய்ச் சேரும். தலைவலிக்குத் தலையணையை மாற்றின கதை.

அனுசியா தினமும் சிரித்த மூஞ்சிதான் அனுப்பினாள். தன்னை முடித்துக்கொண்ட அன்றைக்கும் வந்தது. பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று தோசை சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பர் 5

செயலியைப் பார்த்துக்கொள்கிற லிங்கேஸ்வரன் சாரிடம் அவள் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். செமஸ்டர் முடியட்டும் என்றார். பிறகு, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். நல்லாயிருக்கேன் சார் என்றேன். அவளைப் போலவே எனக்கும் இரண்டு பேப்பர் அரியர். ராத்திரி தூக்கமில்லை. இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது?

நவம்பர் 7

வந்திருக்கிறது. அனுசியாவிடமிருந்து. சிரித்த மூஞ்சி.

நவம்பர் 8

இன்றைக்கும். யாருடி நீ? செத்த பெறகும் என்ன சிரிப்பு உனக்கு?

அம்மாவிடம் சொன்னால் பேயோட்டக் கோடாங்கியைக் கூட்டி வந்துவிடுவாள்.

நவம்பர் 9, ஞாயிறு

குரங்கணிக்குப் போனேன். அனுசியாவின் அம்மா மொக்கம்மாள் வீட்டில் இருந்தார். போன் அவர் மடியில் இருந்தது.

அந்த வீட்டுக்கே ஒரு போன்தான். ஜீப் டிரைவர் கூப்பிடுவார் என்பதால், ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகிற அம்மாவோடு போய்விடும். படிக்கத் தெரியாத அம்மாவுக்கு மகளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

“சாயங்காலம் மணியடிச்சா சிரிக்கிற மூஞ்சியத் தொட்டுரும்மா, இல்லாட்டி காலேசுல கேப்பாகன்னு சொல்லுச்சு. இம்புட்டு நாளா போன அமத்தி வச்சிருந்தேன், இப்பத்தேன் திரும்பச் சோலிக்குப் போறேன். அதேன் தொடுறேன். எம்புள்ள சொல்லிட்டுப் போனது அது ஒண்ணுதேன் ஆத்தா.”

அப்படியானால் எனக்கு வந்த ஒன்றுகூட அவள் அனுப்பியதில்லை. அன்றைக்கு வந்ததும் மலையிலிருந்து இறங்குகிற ஜீப்பில் அம்மா தொட்டது. அப்புறம்தான் வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறார். நான் தோசை தின்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

கிளம்பும்போது, அழுகிற மூஞ்சி எதுக்கு என்று கேட்டார். அது வந்தால் கீழே போன் படம் இருக்கும், அதைத் தொட்டால் அந்த ஆளிடம் பேசலாம் என்றேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 11

அவளை நேரில் பார்த்த நாளெல்லாம் என்ன பேசினோம்? இன்டர்னல் மார்க், பஸ்ஸு, கேன்டீன் பஜ்ஜி. மூஞ்சிதான் வந்துவிடுகிறதே என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

நவம்பர் 12

வகுப்புக்குப் போகவில்லை. போடி பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அனுசியா போன வழி எனக்கும் தெரிகிறது. எழுதவே பயமா இருக்கு.

சாயங்காலம் மணியடித்தது. பழக்கத்தில் விரல் சிரித்த மூஞ்சிக்குப் போனது. எடுத்துவிட்டு அழுகிறதைத் தொட்டேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்றுதான் தொட்டேன்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ‘அனுசியா’ என்று பெயர் வந்தது. எடுத்தேன். ஜீப்புச் சத்தம்.

“ஆத்தா, நான் மொக்கம்மா. அழுகுற மூஞ்சி வந்துருக்கு. எங்கன இருக்க?”

போடி பஸ் ஸ்டாண்டு என்றேன்.

“அங்கனயே இரு. வெரசா வந்துர்றேன். போன மட்டும் வச்சுறாத.”

வைக்கவில்லை. ஏலக்காய் வாசத்தோடு வந்து, கையைப் பிடித்துக்கொண்டு ராசிங்காபுரம் வரைக்கும் கூடவே வந்தார். எங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன்.

நவம்பர் 14

அம்மாவும் நானும் போய் டாக்டரைப் பார்த்தோம். லிங்கேஸ்வரன் சாரிடம் அரியரைப் பற்றிச் சொன்னேன். அனுசியா பெயர் அப்படியே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 20

இன்றைக்கு நான் சும்மா மூஞ்சி.

அனுசியா பெயரில் முதன்முதலாக அழுகிற மூஞ்சி வந்தது. கூப்பிட்டேன்.