பாண்கடைக்குள் வந்த நோவு

மொன்றியல்
18.02.2004

அன்புள்ள றோஸ்மேரி அக்காவுக்கு,

மகளும் நானும் சுகம். வீட்டு முகவரி தெரியாததால் பாண்கடைக்கே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

அன்று பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே பிள்ளைப்பேற்று நோவு தொடங்கிவிட்டது. இந்த நாட்டுக்கு வந்து மூன்றே மாதம். எதிர்க்கடைக் கண்ணாடியில் பி-ஏ-ஐ-என் என்று பெரிதாக எழுதியிருந்தது. இங்கிலீஷில் 'பெயின்'. நோவுக்குப் பார்க்கிற இடம் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். வயிற்றைக் காட்டினேன், கண்ணாடி எழுத்தையும் காட்டினேன். விற்கிற பெண் அப்போதுதான் சுட்ட நீளப் பாண் ஒன்றை எடுத்து நீட்டினாள்! "ஐயோ அம்மா" என்று நிலத்தில் குந்திவிட்டேன். மாக் கையோடு உள்ளேயிருந்து ஓடி வந்தீர்கள். "பயப்பிடாதை பிள்ளை, நான் இருக்கிறன்" என்றீர்கள். அம்புலன்ஸில் கூடவே வந்து, இவர் வேலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும்வரை என் கையை விடவேயில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு மகள் அனோஜினிக்கு ஞானஸ்நானம். நீங்கள்தான் ஞானத்தாயாக நிற்க வேண்டும்.

என்றும் நன்றியுள்ள
இமெல்டா

லவால்
02.03.2004

இமெல்டாவுக்கு,

உமது கடிதத்தை மாச்சாக்கின் மேல் குந்தி இரண்டு தரம் வாசித்தேன். முதலாளிக்கும் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். இங்கிலீஷ்ச் சொல் 'தண்டனை' என்ற பழைய சொல்லில் பிறந்ததாம். பிரெஞ்சில் அதே எழுத்தைப் 'பேன்' என்பார்கள், அது பாண். எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. தமிழில் என்ன சொல் என்று கேட்டார். "பாண்" என்றேன். "அது போர்த்துக்கீசர் விட்டுப்போனது, எங்கள் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சொந்தம்" என்றார்.

ஆனால் ஞானத்தாய்க்கு வேறு ஆளைப் பாரும். அடிக்கிற மனிசனை விட்டு வந்து ஆறு வருடம். கோயிலில் எல்லோரும் அவர் பக்கம் நின்றார்கள். அன்றோடு போவதை நிறுத்தினேன். தமிழ் ஆட்கள் கடைக்கு வந்தால் உள்ளேயே நின்றுவிடுவேன். உமது குரலுக்கு மட்டும் ஏன் வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளையின் நல்ல நாளில் என்னால் ஒரு கதை வேண்டாம்.

றோஸ்மேரி

மொன்றியல்
14.03.2004

அன்புள்ள அக்கா,

உங்களைக் கேட்காமல் கடிதத்தை இவரின் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன், மன்னியுங்கள். "புருசனை விட்டவவைப் போய்க் கேட்டனியே? சனம் சிரிக்கப்போகுது" என்றார் மாமி பிலோமினம்மா.

"அண்டைக்கு நான் நிலத்தில கிடக்கேக்க அந்தச் சனம் எங்க மாமி நிண்டது?" என்றேன். மாமியை எதிர்த்துக் கதைத்தது அதுதான் முதல் தடவை. மாமி எழும்பிப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத் தானாகவே வந்து, "பாதரிட்டைக் கேட்டனான். ஒரு தடையும் இல்லையாம். வரச்சொல்லு" என்றார்.

நான் வேறு ஆளைப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
இமெல்டா

லவால்
20.04.2004

அன்புத் தங்கச்சி,

ஞாயிறன்று கோயில் வாசலில் கால்மணி நேரம் நின்றேன். திரும்பிப் போகத்தான் இருந்தேன். உமது மாமி வந்தார். பிள்ளையை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார். பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவது? நானும் உள்ளே வந்தேன்.

முடிந்து வெளியே வந்தபோது அன்று என் மனிசன் பக்கம் நின்ற பேரின்பநாதனின் மனைவி கிட்ட வந்தா. ஆறு வருடமாக என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவ. "றோஸ்மேரி, இப்ப எங்க இருக்கிறீர்?" என்று கேட்டா. "லவாலில" என்றேன். அவ்வளவுதான். பஸ்ஸில் வீடுவரை அழுதேன், துக்கத்தில் இல்லை.

நீர் எனக்கு நன்றி எழுதினீர். என் நன்றியை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. பின்னேரம் பிள்ளையைப் பார்க்க வரட்டா?

அனோஜினியின் ஞானத்தாய்
றோஸ்மேரி