பேஸ்மென்றில் இருக்கும் பெற்றோருக்கும் வாக்கு வேண்டும்

அனுப்புபவர்:
திருமதி செலீன் சூசைதாசன்,
பேஸ்மென்ற், இல. 46, ஹத்தர்லி வீதி,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
கிழக்குப் பகுதிக் கல்விச் சபை,
ஸ்காபரோ.

விடயம்: ஹத்தர்லி வீதி ஆரம்பப் பாடசாலைக்குப் புதிய கட்டடம் கட்டும் நிதி பற்றிக் கடந்த பெப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் பெற்றோர் பலர் திருப்பி அனுப்பப்பட்டமையும், அவ்வாக்கெடுப்பை மீண்டும் நடத்தக் கோருவதும்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மணி,

தங்கள் கையொப்பத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஆணா பெண்ணா என்று தெரியாதபடியால் இரண்டையும் எழுதியிருக்கிறேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பிள்ளைகளின் புத்தகப்பையில் வைத்துத் தங்கள் சபை அனுப்பிய அறிவித்தலின் கடைசி வரியில், கருத்துகளை அவரவர் தாய்மொழியிலும் எழுதலாம் என்று இருந்தது. அந்த வரியை நம்பியே இதைத் தமிழில் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தொலைபேசியிலும் முறையிட்டுப் பார்த்தேன். பாடசாலை, சபையைக் கேட்கச் சொன்னது. சபை, நகரசபையைக் கேட்கச் சொன்னது. நகரசபை, இது பாடசாலை விடயம் என்றது. மூன்று இடத்திலும் மிக இனிமையாகத்தான் பேசினார்கள். இதை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுக்கப்போகும் தம்பிக்கோ தங்கச்சிக்கோ ஒரு வேண்டுகோள்: என் கோபத்தைக் குறைத்து எழுதவேண்டாம். மரியாதை வேண்டிய அளவு நானே போட்டிருக்கிறேன்.

1. எனது மகள் ஸ்டெபனி மேற்படி பாடசாலையில் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். அந்தக் கட்டடத்துக்கு எழுபது வயதுக்கு மேல் என்று தங்கள் அறிவித்தலே சொல்கிறது. மழை பெய்தால் மேல்மாடி நடையில் வாளிகள் வைக்கிறார்கள். பிள்ளைகள் வாளிகளைச் சுற்றி நடக்கப் பழகிவிட்டார்கள். இடம் போதாமல் இரண்டாம் வகுப்பை நிலத்துக்குக் கீழே, ஒரு காலத்தில் நிலக்கரி போட்டுவைத்த அறையில் நடத்துகிறார்கள். அறையின் ஒரு பக்கச் சுவர் வருடம் முழுவதும் ஈரம். வெள்ளையடித்து ஒரு மாதம் போவதற்குள் பூஞ்சணம் பழையபடி கறுத்துக்கொண்டு வருகிறது.

நாங்களும் பேஸ்மென்றில் குடியிருப்பவர்கள். ஆகவே என் பிள்ளை நிலத்துக்குக் கீழே எழும்பி, வீதியைக் கடந்து போய் நிலத்துக்குக் கீழே படித்துவிட்டு, திரும்ப நிலத்துக்குக் கீழே வந்து படுக்கிறாள். எங்கள் பேஸ்மென்றுக்கு ஒரு சின்ன யன்னலாவது இருக்கிறது, அவளுடைய வகுப்புக்கு அதுவும் இல்லை. ஒக்ரோபர் தொடக்கம் அவளுக்கு நெஞ்சில் இழுப்பு. டிசெம்பர் நத்தார் விடுமுறையில் குறைந்தது, பாடசாலை தொடங்கியதும் கூடிவிட்டது. இதை டொக்ரரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: அந்த அறையை எப்போது மாற்றப் போகிறார்கள்? அதைத்தான் நானும் தங்களிடம் கேட்கிறேன்.

2. புதிய கட்டடத்துக்காக வீட்டு வரியோடு சிறு தொகை சேர்த்து அறவிடலாமா என்று இப்பகுதி மக்களிடம் வாக்கெடுக்கப் போவதாக அறிவித்தல் வந்தபோது உண்மையாகவே சந்தோசப்பட்டேன். பெற்றோர் அனைவரும் வாக்களிக்கலாம், குடியுரிமை தேவையில்லை என்று அதில் தெளிவாக இருந்தது. நான் மன்னாரில் பிறந்தவள். வாக்களிக்கும் வயது எனக்கு வந்த காலத்தில் போரில் ஊர் இருந்த நிலைமையில் வாக்குப்பெட்டிப் பக்கம் போகக் கிடைக்கவில்லை. இருபத்தெட்டு வயதில் இதுவே எனக்கு முதல் வாக்கு. வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கோயிலுக்கு உடுக்கும் சேலையை உடுத்து, அதற்கு மேலே பனிச் சட்டையும் போட்டுக்கொண்டு போனேன். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் சிரிக்கட்டும்.

3. பாடசாலை விளையாட்டு மண்டபத்தில் மேசை போட்டு இருந்த உத்தியோகத்தர் வாக்காளர் இடாப்பைப் புரட்டினார். இல. 46 இல் திரு. சண்முகலிங்கம் குடும்பம் மட்டுமே பதியப்பட்டுள்ளது, உங்கள் பெயர் இல்லை என்றார். மகளின் றிப்போட் கார்டைக் காட்டினேன். கணவரின் சம்பளத் துண்டைக் காட்டினேன். அதே மேசையில், அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில், பாடசாலையின் மாணவர் இடாப்பும் கிடந்தது. அதில் ஸ்டெபனியின் பெயரும் இல. 46 என்ற முகவரியும் இருந்தன. தங்கள் கணக்குப்படி இல. 46 இல் ஒரு பிள்ளை இருக்கிறது, அதைப் பெற்றவள் இல்லை. அப்படியென்றால் தினமும் இந்தப் பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னி அனுப்புவது யார் என்று கேட்டேன். தனக்கு அதிகாரம் இல்லை என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களில் அடுத்த தெரு பேபி அன்ரி உட்பட இன்னும் பலர் இதே பதிலோடுதான் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

4. இடாப்பில் எங்கள் பெயர் ஏன் இல்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். பேஸ்மென்றில் ஆட்களைக் குடியிருத்த இங்கே சட்டம் இடம் கொடுப்பதில்லை என்பது தங்களுக்குத் தெரியும். பேஸ்மென்றுகளில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதும் தங்களுக்குத் தெரியும். நவம்பரில் தங்கள் சபையிலிருந்து கணக்கெடுக்க ஒருவர் வந்தார். கதவைத் திறந்தவர் வீட்டுச் சொந்தக்காரரான சண்முகலிங்கம் அண்ணை. தாங்கள் நாலு பேர்தான், இரண்டு பிள்ளைகள் என்று அவர் சொல்லிவிட்டார். அவருடைய காலடியில் நாலு சோடி சின்னச் சப்பாத்துகள் கிடந்தனவாம், இரண்டு அவருடைய பிள்ளைகளுடையவை, மற்ற இரண்டு ஸ்டெபனியினதும் அவளுக்கு இளையதினதும். வந்தவர் அவற்றைப் பார்த்தார், நாலு பேர் என்று எழுதினார், நன்றி சொல்லிவிட்டுப் போனார். இதைப் பார்த்துக்கொண்டு நின்ற அண்ணையின் மனைவி இராஜேஸ்வரி அக்காதான் எனக்குச் சொன்னவர். கண் முன்னே கிடப்பதை விட்டுவிட்டுக் காதில் விழுந்ததை மட்டும் எழுதிக்கொண்டு போவது என்ன கணக்கெடுப்பு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

5. எங்கள் ஆட்களிலும் எனக்குக் கோபம் உண்டு. வாக்களிக்கப் போகும் வீடுகளுக்குப் பிறகு நகரசபை ஆட்கள் வந்து பேஸ்மென்றைத் திறந்து பார்ப்பார்கள் என்று தமிழ்க் கடையில் யாரோ கதை கட்டிவிட்டார்கள். யார் கட்டியது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் நம்பினார்கள். இடாப்பில் பெயர் உள்ள வீட்டுக்காரர் பலர் அன்று வாசல் படியைத் தாண்டவில்லை. சண்முகலிங்கம் அண்ணையும் போகவில்லை. அவருடைய பிள்ளைகள் இருவரும் இதே பாடசாலைதான். நான் சேலையோடு திரும்பி வந்து படியில் இறங்கியபோது, தனக்குத் தலையிடி என்றார். அன்று வாயைத் திறந்திருந்தால் குடியிருக்க வேறு இடம் தேட வேண்டி வந்திருக்கும்.

வாக்கெடுப்பு ஒன்பது வாக்கால் தோற்றது. எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் பயந்து வீட்டில் இருந்தவர்களும் மட்டுமே ஒன்பதை எங்கேயோ தாண்டும்.

6. இதோடு நின்றிருந்தால் புறுபுறுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். முடிவை அறிவித்துத் தாங்கள் மார்ச் மாதம் அனுப்பிய கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். ஜனவரியில் சபை உத்தியோகத்தர் ஒருவர் இரண்டாம் வகுப்பு அறையில் ஒரு காலை முழுவதும் இருந்து பார்வையிட்டதாகவும், பிள்ளைகளிடம் இருமலோ சுவாசக் கோளாறோ காணப்படவில்லை என்றும், ஆகவே வரும் வருடமும் வகுப்பு அதே அறையில் நடக்கும் என்றும் அதில் இருக்கிறது.

அந்த ஜனவரி நாள் எனக்கு நினைவிருக்கிறது. அன்று பாடசாலை விட்டு வந்த ஸ்டெபனி சப்பாத்தைக் கழற்ற முதலே என்னிடம் ஓடி வந்து சொன்னாள்: “அம்மா, இண்டைக்கு எழுதுற ஆள் ஒருத்தர் வகுப்புக்கு வந்தவர். அவர் போகுமட்டும் நான் இருமேல்லை.”

இதை விளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் மணி அடித்தால் கீழே ரீவியை நிறுத்துவோம், தண்ணீர்க் குழாயைப் பூட்டுவோம், பிள்ளைகள் மூச்சுக் காட்டமாட்டார்கள். கையில் அட்டையும் பேனையுமாக வருபவர் போகும்வரை இருமக்கூடாது என்று ஸ்டெபனிக்குப் பழக்கியிருக்கிறோம். நவம்பரில் மேலே கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோது அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். வகுப்புக்கு வந்தவரின் கையிலும் அட்டை இருந்திருக்கிறது. பிள்ளை ஒரு காலை முழுவதும் தன் இருமலை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். கெட்டிக்காரி என்று சொல்லி நான் அவள் தலையைத் தடவிவிட்டேன். தங்கள் கடிதத்தை வாசித்தபோதுதான் அன்று நான் எதற்குத் தடவினேன் என்று விளங்கியது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன், ஐயா. பழக்கியது நாங்கள், அந்த வெட்கம் எங்களுக்கு. ஆனால் ஈரச் சுவர் தங்களுடையது. சுவரைப் பார்க்க வந்தவர் சுவரையல்லவா பார்த்திருக்க வேண்டும்?

7. ஆகவே தங்களிடம் கேட்பவை:

வாக்கெடுப்பை இந்தப் பாடசாலை வருடம் முடிவதற்குள் திரும்ப நடத்தவேண்டும். இடாப்பை வாசலில் நின்று கேட்டு எழுதாமல், பாடசாலையில் படிக்கும் பிள்ளைகளின் பெயரிலிருந்து எழுதவேண்டும். பிள்ளைக்குத் தாய் தகப்பன் உண்டு என்று நம்பினால் போதும். அந்த இடாப்பு நகரசபைக்கோ வேறெவருக்கோ போகாது என்று தமிழில் எழுதித் தங்கள் கையொப்பத்தோடு அனுப்பவேண்டும். கையொப்பம் விளங்காவிட்டாலும் பரவாயில்லை.

வாக்கெடுப்பு எப்படி முடிந்தாலும், இரண்டாம் வகுப்பை அந்த அறையிலிருந்து உடனே மேலே எடுக்கவேண்டும். அதற்கு எவரும் வாக்களிக்கத் தேவையில்லை. விளையாட்டு மண்டபத்தின் ஒரு மூலையை மறைத்துக் கொடுத்தாலும் அங்கே வெயில் வருகிறது. ஜனவரி மாத அறிக்கையை இரத்துச் செய்து, டொக்ரரின் கடிதங்களைக் கேட்டு வாங்கவேண்டும். ஸ்டெபனியினுடையதை இத்துடன் இணைத்துள்ளேன்.

8. கடைசியாக ஒன்று. முகவரியில் பேஸ்மென்ற் என்ற சொல்லை எழுதுவதா விடுவதா என்று எங்கள் வீட்டில் இரண்டு கிழமையாகச் சண்டை. எழுதினால் தெருவில்தான் நிற்போம் என்கிறார் என் கணவர். எழுதாவிட்டால் இம்மனுவும் இல. 46 இல் இல்லாத ஒருத்தி எழுதியதாகப் போய்விடும். சண்முகலிங்கம் அண்ணை கெட்ட மனிதர் அல்லர். இரண்டு பிள்ளைகள் என்றதும் எல்லோரும் கதவைச் சாத்திய காலத்தில் எங்களுக்கு இடம் தந்தவர். வாடகை பிந்தினால் முகம் கறுக்காதவர். அவருக்குத் தெரியாமல் அவருடைய வீட்டு இலக்கத்தை வெளியே அனுப்புவது சரியல்ல. ஆகவே இதைத் தபாலில் போடமுன் மேலே கொண்டுபோய் அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடுவேன். இம்மனு தங்கள் கைக்கு வந்திருந்தால், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று அறிந்துகொள்ளவும்.

அவருக்கு எந்த இடைஞ்சலும் வராமல் பார்த்துக்கொள்ளும்படியும், என் பிள்ளை இனியும், வேறு பிள்ளைகள் வரும் செப்ரெம்பரிலும் அந்த அறைக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளும்படியும் தங்களை மிகவும் பணிவாகவும், பொறுமை இழந்தும் கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனையும் தன் கைப்பட எழுதிய,
செலீன் சூசைதாசன்
ஸ்காபரோ,
28 மார்ச் 1993.

இதற்குக் கீழே எழுதுபவர் வீட்டுச் சொந்தக்காரர்:

தங்கச்சி செலீன் வாசித்துக் காட்டினார். பிள்ளை தலையணையைக் கடித்த கதை எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அன்று கதவடியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தவன் நான்.

இந்த வீட்டில் மேலே நாலு பேர், கீழே நாலு பேர், எல்லாமாக எட்டுப் பேர் இருக்கிறோம். நவம்பரில் நான் சொன்னது பொய். தயவுசெய்து திருத்தி எழுதிக்கொள்ளவும். இனி யார் வந்து கேட்டாலும் எட்டுப் பேர் என்றே சொல்வேன். தண்டம் ஏதும் வந்தால் அது என் பொறுப்பு, இவர்களுடையது அல்ல.

பார்க்க ஆள் அனுப்புவதானால் முதலில் அந்த வகுப்பறைக்கு அனுப்பவும். அதற்குப் பிறகு இங்கே வரட்டும். கதவைத் திறந்து நானே கீழே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

க. சண்முகலிங்கம்